பெயரையும் கொண்டுபோய்விட்டார்கள்

அப்பாவுக்கு உங்கள் பிரேம்நாத் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ருமேனியாவில் நான் புல்தரை பராமரித்த கால்பந்துக் கிளப் இனி இல்லை. இந்தச் சிற்றூர் அணியை நான்கே வருடத்தில் முதல் டிவிஷனுக்கு ஏற்றிய முதலாளியே, போன வாரம் பெயர், ஆட்டக்காரர்கள் எல்லாவற்றையும் தலைநகருக்குக் கொண்டுபோய்விட்டார். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன அநியாயம்!

"புல்லுக்கு இனி யாருங்க தண்ணி விடறது?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"காயட்டும்" என்றார்.

மறுநாள் காலை பூட்டிக் கிடந்த மைதானத்துச் சுவரேறிக் குதித்துத் தண்ணீர் பாய்ச்சினேன். காவலாளி பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

கவலைப்படாதீர்கள், ரொட்டிக்கடையில் வேலை கிடைத்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் பர்மா லப்பே, அந்த ஊறவைத்த தேயிலை, கொடுத்தனுப்புங்கள். போனில் பேசும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையின் ரயில் சத்தம் எனக்கும் கேட்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

பிரேம்நாத்