அம்மாவின் வயதைத் தாண்டிய மைனிக்கு

மைனி,

காலையில் அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. "ஃபில்டர்தான் மாட்டியாச்சே, இன்னும் எதுக்கு ஆச்சி காய்ச்சுதீங்க?" என்று பேத்தி கேட்டாள். "அது எங்க மைனி உத்தரவு" என்றேன். அப்படியே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அறுபதுகளில் பம்பாய் தாராவியில் அண்ணனும் அவர் மனைவியாக நீங்களும் தங்கச்சி நானும் ஒரே வீட்டில் இருந்தபோது உங்களுக்கு முப்பத்தெட்டு வயது. உங்கள் அம்மா நாற்பதில் போய்விட்டார், அவரைப் பெற்றவரும் அப்படியே. "நமக்கும் அவ்வளவுதாம்ட்டி" என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். ஆனால் உங்கள் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அவளைத் தாயில்லாப் பிள்ளையாக விட்டுவிடுவோமோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து, செம்பூரில் நீங்கள் சமைக்கப் போன வெளிநாட்டு எஞ்ஜினீயர் வீட்டுக்கு அவருடைய அம்மா வந்து இறங்கினார். எண்பது வயது. லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு, கம்பு ஊன்றாமல் மாடிப்படி ஏறினாராம். உங்களுக்குத் தூக்கம் போயிற்று.

"பணக்கார தேசத்துல நெறையப் பேரு இப்படித்தான் இருக்காவளாம். என்னத்தத் திங்காவன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றீர்கள். மறுநாளிலிருந்து நம் வீட்டில் உப்பு உறைப்பில்லாத அவித்த கேரட், பால் விடாத தேயிலைத் தண்ணி. அண்ணன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, "இதத் தின்னு நூறு வருஷம் இருக்கதுக்கு, கொழம்பு ஊத்தித் தின்னுட்டு நாளைக்கே போயிரலாம்ளா" என்றார்.

கடைசியில் அந்த அம்மாவிடமே கேட்டுவிட்டீர்கள். மருமகள்காரி அரைகுறை இந்தியில் எடுத்துச் சொன்னாள். அந்த அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவர்கள் தெருவிலும் கோடைக்குக் கோடை குழந்தைகள் செத்தனவாம். பிறகு ஊரில் காசு புழங்கத் தொடங்கியதும் சாக்கடை வெட்டி, வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீர் விட்டார்களாம். சாப்பாடு என்னவோ பழைய சாப்பாடுதானாம்.

அன்று வீட்டுக்குள் கால் வைத்ததும் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "திங்கதுல ஒண்ணுமில்லட்டி. காசு வந்ததும் அவனுவ மொதல்ல குழாய் போட்டிருக்கானுவ. நம்ம தேசத்துக்குக் காசு வரும்போது வரட்டும். அதுவரைக்கும் நம்ம தண்ணிய நாம காச்சிக் குடிப்போம்."

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டிய காலம். சந்துப் பெண்கள் உங்களை 'வெந்நீர் ராணி' என்று கேலி செய்தார்கள். அந்த மழைக்குச் சந்தில் வயிற்றுப்போக்கு பரவியது. நம் வீட்டுக்குள் மட்டும் அது எட்டிப் பார்க்கவில்லை. கேலி செய்தவர்களே வந்து எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று கேட்டார்கள். பதில் சொல்லும்போது உங்களுக்குக் கொஞ்சம் கர்வம்தான். இருக்கட்டுமே.

நாற்பது முடிந்த அந்தப் பொங்கலன்று, குர்லாவில் வாங்கி ஒளித்து வைத்திருந்த லிப்ஸ்டிக்கைப் பூசிக்கொண்டு வந்து நின்றீர்கள். அண்ணன் பார்த்துவிட்டு, "என்னளா, காலங்காத்தாலயே வெத்தல போட்டுட்டியா?" என்றார். "எங்கம்மா வயசத் தாண்டிட்டேன்" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே அழுதீர்கள். நானும் அழுதேன்.

மகளின் கல்யாணம், அவள் பிள்ளைகளின் கல்யாணம் எல்லாம் பார்த்துவிட்டு எண்பத்து மூன்று வயதில் போனீர்கள். எனக்கு அதில் மனக்குறை ஒன்றுமில்லை, மைனி.

இந்தப் பொங்கலோடு நான் உங்கள் வயதையும் தாண்டிவிட்டேன். காய்ச்சிய தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது. பேத்தியின் லிப்ஸ்டிக்கை எடுத்துக் கொஞ்சம் பூசிக்கொண்டேன். வெற்றிலையா என்று கேட்கத்தான் அண்ணன் இல்லை.