மாதிரி மணல்

கொழும்பு,
12 ஜனவரி 1925

அன்புள்ள தேவகனிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உன் சுகத்துக்கு எழுது. சீமைக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே வியாபாரம் வளர்க்க இங்கே துரைமார் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். உன் புருஷன்தான் அதற்குக் காரியதரிசி, கேட்டியா! சீமை விளக்குகளுக்கு வேண்டிய சரக்கு நம்மூர்க் கருமணலில் இருக்கிறதாம். சீமைப் பணத்தைப் போட்டு அங்கே கம்பெனி தொடங்க இடம் தேடுகிறார்கள். உனக்கு ஸ்ரீதனமாக வந்த தென்னைவிளையிலிருந்து நல்ல கருமணலாக ஒரு பிஸ்கட் டின் நிறைய அனுப்பு. எந்த இடத்தில் அள்ளினாய் என்றும் எழுது.

உன்
ஞானையன்

கடியப்பட்டணம்,
3 பிப்ரவரி 1925

பிரியமுள்ள அத்தானுக்கு,

மணல் அனுப்பியிருக்கிறேன். விளையில் நல்ல கருமணல் நம்ம ஜெபகனியின் கல்லறை மேட்டில்தான் உண்டு. ஈஸ்டர்தோறும் அலை ஒதுக்கும் மணலாகப் பார்த்துக் கடற்கரையிலிருந்து சுமந்து வந்து மேட்டில் விரிக்கிறேன். அதில்தான் அள்ளினேன். மூன்று வயதில் போன பிள்ளையிடம், அப்பாவுக்குக் கொஞ்சம் தா மக்கா என்று கேட்டுத்தான் எடுத்தேன். அவளை அடக்கம் பண்ணிய மறுவாரம் கப்பலேறியவர் நீங்கள். இரண்டு வருஷமாகிறது. ஒருதரம் வந்து பார்க்கக் கூடாதா? சங்கம் எங்கே ஓடிவிடப் போகிறது?

உங்கள்
தேவகனி

கொழும்பு,
20 ஆகஸ்டு 1925

அன்புள்ள தேவகனிக்கு,

வந்த மாதிரிகளில் உன் மணல்தான் முதல். துரை என் தோளைத் தட்டினார். பணம் போடத் தீர்மானமாகிவிட்டது. கடற்கரையிலிருந்து சுமந்த மணல் என்று ஒருவரிடமும் மூச்சு விடாதே. விளை உன் பேரில் இருப்பதால் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் நீ கையெழுத்துப் போடவேண்டும். பிள்ளையின் மேட்டை ஒருவனும் தொடமாட்டான். வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சொல்கிறேன். அழுது வடிந்து காரியத்தைக் கெடுத்துவிடாதே.

ஞானையன்

கடியப்பட்டணம்,
9 செப்டம்பர் 1925

பிரியமுள்ள அத்தானுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பத்திரத்தில் மேட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்று மிஷன் பள்ளி செசிலி டீச்சர் படித்துச் சொன்னாள். என் அத்தான் சொன்னது போதும் என்று அவள் வாயை அடைத்தேன். மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டிருக்கிறேன். முதல் மண்வெட்டி விழும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உங்கள்
தேவகனி

கொழும்பு,
24 நவம்பர் 1925

தேவகனிக்கு,

டிசம்பர் 12 திறப்பு விழா. துரையோடு வருகிறேன். நிலத்துக்காரி என்ற முறையில் நீதான் அவருக்கு மாலை போட வேண்டும். பட்டுச்சேலை உடுத்து. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்காதே. போன பிள்ளையின் பேச்சை அங்கே எடுக்கவே கூடாது.

ஞானையன்

கடியப்பட்டணம்,
18 டிசம்பர் 1925

ஞானையன் அவர்களுக்கு,

துரையோடு வந்து துரையோடு போய்விட்டீர்கள். வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விழாவுக்கு முந்தின நாள் துரைக்கு மாலை வாங்கக் குளச்சல் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வேலி இல்லை, மேடு இல்லை. மேஸ்திரி கிருஷ்ணமணி ஒரு காகிதத்தை நீட்டினான். "மாதிரி எடுத்த இடத்துல முதல் குழி வெட்டணும்னு உங்க மாப்பிள்ளைதான் எழுதித் தந்தாரு. கருமணல் ஒரு சாண்தான் இருந்துது. கீழேயும் இருக்கும்னு ஆழமா வெட்டினோம்" என்றான். பெட்டிப் பலகைத் துண்டு ஒன்று கிடந்தது. பிள்ளை இல்லை. வாரியதையெல்லாம் சாக்கில் கட்டிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் பந்தலில் துரையிடம் கேட்டேன். "எம்பிள்ளைய எந்தச் சாக்குல கட்டினிய? அத மட்டும் திருப்பித் தாருங்க." நீங்கள் பக்கத்தில் நின்று அதை இங்கிலீஷில் சொன்னீர்கள். துரை தொப்பியைக் கழற்றி என்னை வணங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். துரைக்குப் புரிந்துவிட்டது, சாக்கை அவிழ்க்கச் சொல்வார் என்று நம்பி மூன்று நாள் குளச்சல் துறையில் உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரி.

பந்தலில் நின்று கேட்டிருந்த செசிலி டீச்சர் கப்பல் போன பிறகுதான் வாய் திறந்தாள். அன்று நீங்கள் சொன்னது இதுதானாம்: "என் மனைவி தன் பிள்ளையையே தருவதுபோல இந்த நிலத்தைத் தங்கள் தேசத்துக்குச் சந்தோஷமாகத் தருகிறாள்."

இனி கடிதம் போட வேண்டாம். வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். எனக்குப் புருஷன் இல்லை.

தேவகனி