டீச்சரின் தனிமைக்கு ஊர் போட்ட காவல்

அன்பு மகள் தலித்தாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் உண்டு உறங்கி ஜெபித்து நன்றாக இருக்கிறோம், ஆக்லாந்து குளிரில் நீயும் கம்பளி போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நீ அனுப்பிய ஷூ எனக்குக் கொஞ்சம் சிறியது, இருந்தாலும் கோயிலுக்குப் போட்டுப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன், நான் நொண்டியதை யாரும் கவனிக்கவில்லை என்று அம்மா சொல்கிறாள், அது பொய்.

விஷயம் டீச்சரைப் பற்றி. கனடாவிலிருந்து நம் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிரிஜிட் நம் வீட்டில்தானே தங்கியிருக்கிறாள். பாதிரியார் மனைவி எசேத்தா அவளைத் தன் வீட்டில்தான் வைக்க வேண்டும், நம் வீடு மாதிரி வெறும் தூணும் கூரையும் இல்லை, அங்கே சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊர்ச்சபையில் நான் பேசிய பேச்சில் பாதிப்பேர் அழுதார்கள், மீதிப்பேர் தூங்கினார்கள், டீச்சர் நமக்குக் கிடைத்தாள். அன்றிலிருந்து எசேத்தா கொக்கு மாதிரி காத்திருக்கிறாள். டீச்சர் கணக்கு நன்றாகச் சொல்லித் தருகிறாள், தங்கமான பெண், ஆனால் பாவம் ஒரு வியாதி, தனியாக இருக்க வேண்டுமாம். பள்ளி விட்டு வந்து தூணில் சாய்ந்து புத்தகத்தைப் பிரித்தால், அவள் ஊரிலிருந்து ஏதோ கெட்ட சேதி போல என்று உன் அம்மா நாலு பெண்பிள்ளைகளை அனுப்பிப் பக்கத்தில் உட்கார வைப்பாள். கடற்கரைக்குப் போனால் பாதிப் பள்ளிக்கூடம் பின்னால் போகும். கக்கூஸுக்குப் போனாலும் பயப்படக் கூடாதே என்று பிள்ளைகள் வெளியே நின்று பாமாலை பாடுவார்கள். ஒருநாள் அவள் நம் வீட்டுத் தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி இரண்டு போர்வையைத் தொங்கவிட்டுவிட்டாள்.

நம் வீட்டுக்குச் சுவர் கிடையாது, நாம் என்ன தின்கிறோம் என்று ஊருக்கே தெரியும், அதுதான் நம் மானம். திரை போடுகிறவன் ஒளித்துத் தின்கிறவன். பொழுது சாய்வதற்குள் எசேத்தா வீடு வீடாகப் போய், நல்ல கறித்துண்டையெல்லாம் வீட்டுக்காரர்கள் தின்றுவிட்டு டீச்சரைப் போர்வைக்குப் பின்னால் பிஸ்கட் கடிக்க விட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். டீச்சரை அவள் வீட்டுக்கு மாற்றச் சபை கூடியது. மாற்றினால் விருந்தாளியைப் பட்டினி போட்ட வீடு என்ற பெயர் உன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் போகாது, தெரியுமல்லவா.

நான் எழுந்து முன்னோர்களின் முதல் படகிலிருந்து ஆரம்பித்தேன். படகு கரை சேர்வதற்குள் பெரியவர் லுவாமா கையமர்த்திவிட்டு டீச்சரையே கேட்டார். அவள் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில், சாப்பாடு ரொம்ப அதிகம், எல்லோரும் நல்லவர்கள், தினமும் கொஞ்ச நேரம் யாரும் என்னோடு பேசாமல் இருந்தால் போதும் என்றாள். லுவாமா கனிவாகக் கேட்டார், “யாரு மேலம்மா கோவம்? பேரைச் சொல்லு, பன்றி அபராதம் போட்டுடலாம்.” யார் மேலும் இல்லை என்றாள். கோபமே இல்லாமல் ஒருத்தி தனியாக இருக்க ஆசைப்படுவாளா என்று மத்தியானம் வரை வாதாடினார்கள். கடைசியில் சட்டம் போட்டாயிற்று. பள்ளி விட்டதும் சங்கு ஊதுவார்கள், மாலை ஜெபச் சங்கு வரை டீச்சரோடு யாரும் பேசக் கூடாது, மீறினால் ஒரு பெரிய பன்றி. சட்டம் நடக்கிறதா என்று பார்க்க வாலிபர்கள் வீட்டைச் சுற்றிக் காவல், காவலைப் பார்க்கப் பெரியவர்கள், பெரியவர்களுக்கு இளநீர் கொடுக்கப் பெண்கள். அடுத்த ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து, டீச்சர் தனியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எசேத்தா சொந்தப் பாயோடு வந்தாள்.

போன வியாழக்கிழமை போர்வைக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. எல்லோருக்கும்தான் கேட்டது. காவல்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் லுவாமாவைப் பார்த்தேன், லுவாமா தென்னமரத்தைப் பார்த்தார். சட்டம் சட்டம்தானே. உன் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள், போர்வையை விலக்கி உள்ளே போய் உட்கார்ந்தாள், ஊரே கேட்கும்படி சொன்னாள், “அழு மகளே. பன்றி போனாப் போகுது.” டீச்சரின் அம்மாவுக்கு ஆப்பரேஷனாம், அன்று காலையில்தான் சேதி வந்ததாம். மடியில் தலைவைத்து அழுது தீர்த்தாள். எசேத்தா அப்போதும் விடாமல், எங்கள் வீட்டுக்கு வந்துவிடு, கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக அழலாம் என்று கூப்பிட்டாள். டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவு சாத்தியிருந்தால் இந்த அம்மா எப்படி உள்ளே வருவாங்க என்று கேட்டாள். அதோடு வழக்கு தீர்ந்தது. பன்றி மட்டும் போயிற்று, நீ கிறிஸ்துமஸுக்கு வரும்போது அடிக்கலாம் என்று வளர்த்த அந்தக் கருப்புப் பன்றிதான். எசேத்தா இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றாள்.

வீட்டுக்கு நல்ல பெயர் தங்கிவிட்டது, ஆனால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. உனக்கு அங்கே தனி அறை கிடைத்தது, உள்தாழ்ப்பாள் இருக்கிறது என்று நீ எழுதியதை நான் சபையில் வாசித்துப் பெருமையடித்தவன். இப்போது அவள் என்னைக் கேட்கிறாள், “தலித்தா அழுதா யாருக்குங்க கேக்கும்?” ஊரையே பேச்சால் அழவைத்தவன், எழுந்துபோய் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன் மகளே, பயமாக இருக்கிறது.

ஆண்டவர் உன் போக்கிலும் வரத்திலும் கூடவே இருப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலைத் தவறவிடாதே. அது பட்டணம், தாழ்ப்பாளைப் போடாதே என்று சொல்லமாட்டேன். பக்கத்து அறையில் இருப்பவள் பெயர் என்ன என்று மட்டும் பதிலில் எழுது. தெரியாவிட்டால் இன்றைக்கே போய்க் கதவைத் தட்டிக் கேள். அம்மா அந்தப் பெயருக்காகக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெனியாமினா