பதினொரு 'ஆம்'

1930 மார்ச் 9, ஞாயிறு, காலை ஆறரை. கட்டுரை எழுதி முடித்தது ஆறு பக்கம். அதில் 'போனாளாம்', 'கேட்டதாம்' என்று பதினொரு 'ஆம்'.

என்னைத் தோளில் சுமந்து திரிந்த அக்கா,

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். நம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வெள்ளம் புகுந்தபோது நான் சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் விசாரித்துத்தான் எழுத வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை ஒவ்வொருவராகத் தூக்கிவந்து மேட்டில் விட்டாய். பார்த்தவர்கள் பலர். மூன்றாம் தடவை போனாய், வரவில்லை. எதற்குப் போனாய்? யாருக்கும் தெரியவில்லை. நகைக்காகப் போனாளாம் என்கிறது ஊர். இன்னொரு பிள்ளை அழுதது கேட்டதாம் என்கிறாள் அம்மா.

இரண்டையும் அப்படியே எழுதினேன். மலரைக் கவனிக்கும் பெரிய கிராணி, ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, எல்லா 'ஆம்'மையும் அடித்துவிட்டார். "குழாயடிப் பேச்சு மாதிரி இருக்கு தம்பி. புள்ளைக்காகப் போனாள்னு முடி. படிக்கிறவன் அழணும்லா."

நான் சர்வேக்காரன், எனக்கு அளக்கத்தான் தெரியும், அழவைக்கத் தெரியாது என்றேன். அப்போ சர்வே படமே வரைஞ்சு கொடு என்று சிரித்தார்.

அம்மாவும் அதையே கேட்டாள். நகை என்று சொல்லும் வாய் மூட வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. 'ஆம்'மை எடுத்துவிட்டால் நம் ஆசை உண்மையாகிவிடுமா? நாளைக்கு நகைக் கதைக்காரனும் அதையே செய்யமாட்டானா?

நம் சமையலறைச் சுவரில் சுண்ணாம்பையும் மீறிச் சேற்றுக் கறை இன்னும் தெரிகிறது. நீயும் அம்மாவும் ஒரே உயரம். அவளை அங்கே நிற்கச் சொன்னேன். கறை அவள் கழுத்துக்கு வந்தது. நீ போன நேரத்தில் தண்ணீர் அவ்வளவு இருந்ததா, அதுவும் தெரியாது. ஏறிக்கொண்டிருந்தது, அது உறுதி.

அம்மா தன் கழுத்தில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எதுக்குப் போனாளோ. தெரியலைன்னே எழுதுடா."

இனி நான் செய்யப்போவது, அக்கா:

1. இன்றே கிராணி வீட்டுக்குப் போய், அடித்ததையெல்லாம் திரும்ப எழுதிக் கொடுப்பேன்.
2. அவர் மாட்டேன் என்றால் கட்டுரையை வாங்கிக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறுவேன். அங்கேயும் அச்சுக்கூடம் இருக்கிறது.
3. அம்மா சுவரோரம் நின்றதைச் சேர்ப்பேன். அதில் 'ஆம்' வராது. நான் பார்த்தேன்.

உன் கூடப்பிறந்த ஒரே தம்பி