கழுவிக் கழுவிக் கெட்ட கை

மார்ச் 3, திங்கள்
குறைமாதக் குழந்தையை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. இப்போது வீடுதான் ஆஸ்பத்திரி. வாசலில் ஒரு பாட்டில் கிருமிநாசினி, கூடத்தில் ஒன்று, தொட்டிலருகே ஒன்று. இவர் தையற்கடையிலிருந்து வந்ததும் முழங்கை வரை தேய்த்துக் கழுவுகிறார்; ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் தோற்றார். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக்கூடக் கழுவுகிறார். நான் என்ன சாக்கடையா?

மார்ச் 6, வியாழன்
அண்ணி வந்தார். இவருடைய அக்கா, மூன்று பெற்று வளர்த்தவர். இவர் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.
"தள்ளி நின்னு பாருக்கா. தொடாத."
"இவ்வளவு தூரம் பஸ்ல வந்தது வேடிக்கை பாக்கவா? இது வீடா, மியூசியமாடா?"
"கிருமிக்கா... எட்டாம் மாசமே பொறந்த புள்ள."
அண்ணி தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இவரைத் திட்டவும் வாய் வரவில்லை. அந்தக் கண்ணாடிக்கு வெளியே இவர் நின்ற நிற்பை நான் பார்த்தவள் அல்லவா?

மார்ச் 12, புதன்
இவர் விரலெல்லாம் வெடிப்பு. பட்டுத்துணியைத் தொட்டால் இழை மாட்டிக்கொள்கிறதாம். யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டில் ரத்தக் கறை வேறு.
"எரியுதா?"
"இல்லையே."
முகம் மட்டும் மிளகாய் கடித்த மாதிரி.

மார்ச் 14, வெள்ளி
வெடிப்பில் சீழ். இழுக்காத குறையாகத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.
"எத்தனை தடவை கழுவுவீங்க?"
"தேவைப்படுறப்போ..."
"எந்நேரமும் கழுவுறார் டாக்டர்" என்று போட்டுக்கொடுத்தேன்.
டாக்டர் சிரிக்கவில்லை. "நம்ம தோல் மேல கோடிக்கணக்குல கிருமி இருக்கும். பெரும்பாலும் சாது. கெட்டது வந்து எடம் பிடிக்காம சிலது காவல்கூட நிக்கும். நீங்க தோலையும் காயவெச்சு, அதுங்களையும் துரத்திட்டீங்க. காலி எடத்துல பொல்லாதது உக்காந்துடுச்சு."
"கிருமியில நல்லது வேறயா?"
"இருக்கு. உங்க குழந்தைக்கும் அது வேணும். நீங்கல்லாம் தொட்டுத் தூக்கித்தான் அதுக்குப் போகும். தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை சோப்பு போட்டுக் கழுவுனா போதும்."
இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே விழுந்தது இடி: "ஆனா இந்தச் சீழ் ஆறுற வரைக்கும் நீங்க குழந்தையைத் தொடக் கூடாது. மத்தவங்க தூக்கலாம்."
வழி முழுக்க இவர் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது — எதை முதலில் அடக்குவது?

மார்ச் 15, சனி
இவரே அண்ணிக்குப் போன் போட்டார்.
"அக்கா... கொஞ்ச நாள் வந்து ஒத்தாசையா இருக்கியா?"
"எங்க நிக்கணும்? வாசல்லயா, தெருவுலயா?"
சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார். கையைக் கழுவினார், குழந்தையை வாரி எடுத்தார். இவர் சமையலறைக் கதவோரம் நின்று எட்டிப்பார்த்தார்.

மார்ச் 21, வெள்ளி
களிம்பு, மாத்திரை. தூக்க முடியாததால் தூரத்திலிருந்து தாலாட்டுகிறார். குழந்தை இன்னும் சத்தமாக அழுகிறாள்.
"கிருமியே தேவலடா, பாட்டை நிறுத்து" என்றார் அண்ணி.

மார்ச் 27, வியாழன்
ஆறிவிட்டது. தூக்கலாமாம். கிளினிக்கிலிருந்து ஆட்டோவில் வரும்போது இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 30, ஞாயிறு
மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தால் பக்கத்தில் குழந்தையைக் காணோம். கூடத்தில் இவர் சட்டையில்லாமல் பாயில் மல்லாந்திருக்கிறார். நெஞ்சின் மேல் அவள். இவர் மூக்கைப் பால் என்று நினைத்துக் கவ்விச் சப்பிக்கொண்டிருக்கிறாள். இவர் கன்னமெல்லாம் எச்சில் வழிகிறது.
துடைக்கத் துணியோடு போனேன்.
"உஷ்... இப்பதான் கண்ணு சொருகுது" என்றார், மூக்கடைத்த குரலில்.