அத்தை பிடிக்கப்போகும் கை

என் பெரிய பையனுக்கு அம்மா எழுதுவது, இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இருமல்கூட என் வாய்க்குப் பயந்து நின்றுவிட்டது. நீயும் நீ கட்டப்போகும் நர்ஸ் பெண்ணும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் கடிதம். கல்யாணம் நடக்கும். அவள் நம் சனத்துப் பெண்ணாகத்தான் உன் பக்கத்தில் நிற்பாள், கவலையை விடு.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஹாலில் பெரியவர்கள் கூடினார்கள். தலைவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் இல்லையா, இன்னும் எல்லோரையும் டிக்கெட் இல்லாதவர்கள் மாதிரியேதான் பார்க்கிறார். நம்மில் பிள்ளைக்கு அம்மாவின் கூட்டம்தானே, வெளியிலிருந்து வருகிற அம்மாவுக்கே கூட்டம் இல்லையென்றால் நாளைக்குப் பிள்ளை யாரோடு நிற்கும் என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் டிப்போவில் அத்தனை டிரைவர்களுக்கும் டியூட்டி போடுகிறவள் நான், இந்த ஹாலுக்கா பயப்படுவேன்? நம் கதையைப் பாதியில் இறக்கிவிட்டுப் போகாதீங்க என்று எழுந்து நின்று முழுக்கச் சொன்னேன். மலைக்கு அடியில் இருட்டில் கிடந்த நம் ஆதி சனம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குகை வழியாக வெளிச்சத்துக்கு வந்ததும், யார் கையைப் பிடித்து வந்தோமோ அவர்கள் கூட்டமே நம் கூட்டமானதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதானே விஷயம் இருக்கிறது! மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி தனியாக வந்து வாசலில் நின்றாள், இருட்டிலிருந்து வராதவள் நம்மவள் இல்லை என்றார்கள் எல்லோரும். வெளிச்சத்துக்கு வந்துவிட்ட ஒரு பெண் மட்டும் அவள் கையைப் பிடித்து மறுபடி உள்ளே கூட்டிப்போய் வெளியே அழைத்து வந்தாள், இப்போது சொல்லுங்க என்றாள். கையைப் பிடித்தவளின் கூட்டமே வந்தவளுக்கும் கூட்டமானது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரிம்மா, நீயே குகை வழியா கையைப் பிடிச்சு உன் ஆமைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வா என்றார். நானும் ஜெயித்த மிதப்பில் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, நான் கூட்டி வந்தால் அவள் என் பெண்ணாகி உனக்குத் தங்கச்சி ஆகிவிடுவாளே! அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். பிறகு அவரே மெதுவாக, நாரைக் கூட்டத்தில் என் தங்கச்சி இருக்காளே என்றார்.

உன் கண்ணாடிக்கடை அத்தையோடு எனக்குப் பேச்சு நின்றது நீ பள்ளிக்கூடம் போன காலத்தில். நான் வீட்டையும் டிப்போ மாதிரி நடத்துகிறேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னாள். உண்மைதான், ஆனால் சபையில் சொல்லலாமா? இருந்தாலும் உனக்காக மறுநாளே கடைக்குப் போனேன். யாருக்கோ மூக்குக்கண்ணாடி பிரேம் மாட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன், இது ஒரு நாள் சடங்கில்லை, ஆயுசுக்கும் அவளுக்கு நீதான் அம்மா என்றேன். பொண்ணு இருட்டுக்குப் பயப்படுவாளா என்று மட்டும் கேட்டாள். நைட் டியூட்டி பார்க்கிறவள் என்றேன். உன் முழங்கால் வலியோடு அந்தக் குகைச் சரிவில் எப்படி இறங்குவாய் என்றதற்கு, தவழ்ந்தாவது போவேன், அது என் பொண்ணு விஷயம், உனக்கெதுக்கு என்றாள். அதற்குள் என் பொண்ணாம்! என் பொண்ணு கண்ணைக் கசக்கிட்டு வந்தா உன் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பேன், உன் பையன்கிட்ட சொல்லி வை என்று வேறு மிரட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வா தாயே, தாராளமாக வந்து நில் என்றேன்.

ஆக, உனக்கு அவள் இனி அத்தை மகள், முறைப்பெண். உங்கள் பிள்ளைகள் நாரைக் கூட்டம். நம் முன்னோர் துணையால் இருவரும் நீடூழி வாழ வேண்டும். லீவுக்கு இன்றே எழுதிக் கொடு, குகைக்குள் வழுக்கும், அவளுக்கு நல்ல ஷூ வாங்கு. இன்னொன்று, மறக்காதே. என்னிடம் பேசுவதற்கு முன்னால் அவள் அத்தைக்குப் போன் செய்யட்டும், எடுத்ததும் அம்மா என்றே கூப்பிடட்டும். அத்தையை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

உன் பிரியமுள்ள அம்மா