ஐந்து எண்ணும் வரை

தொடர்பு நிலையம் மருதம், நிலவின் மறுபக்கச் சுற்றுப்பாதை.
பதிவு செய்பவர்: கோமதிநாயகம், மின்னணுப் பராமரிப்பு.

நாள் 211, மணி 06.30

எல்லா அறைகளிலும் காற்றழுத்தம் சரி. முன் அறையில் நான், பின் அறையில் பெனிட்டா, நடுவில் இருபது மீட்டர் நடைவழி. தூங்கும்போது இரண்டு கதவுகளும் மூடியிருக்கும். காலையில் நடைவழியின் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு நான் பிள்ளையார் பாட்டு போடுவேன்; இண்டர்காமில் அவளுக்கும், ரேடியோவில் பூமியின் தரைக் கட்டுப்பாட்டுக்கும் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவள் கதவைத் திறப்பாள். இது கையேட்டில் இல்லாத விதி, நாங்களே வைத்துக்கொண்டது. சங்கரன்கோவிலில் இருபத்திரண்டு வருடம் மைக் செட் கடை நடத்தியவன் நான். பாட்டில்லாமல் எனக்குப் பொழுது விடியாது.

பின் அறையிலிருந்து பெனிட்டா: "அண்ணாச்சி, இந்தப் பாட்ட மாத்தவே மாட்டியளா? பிள்ளையாருக்கே காது புளிச்சிருக்கும்."

மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நாள் 211, மணி 08.52

விண்கல் ஒன்று நடைவழியைத் துளைத்துவிட்டது. கதவுகள் தாமாக மூடிக்கொண்டன. நடைவழியில் காற்று இல்லை, இண்டர்காம் கம்பிகள் அறுந்துவிட்டன. பின் அறை அழுத்தத்தை எனக்குக் காட்டும் கம்பி மட்டும் தப்பியிருக்கிறது. பெனிட்டா ஆண்டெனா மோட்டாரைப் பார்க்கப் பின் அறைக்குப் போயிருந்தாள். விண்வெளி உடைகள் இரண்டும் என் பக்கத்தில் இருக்கின்றன.

உயிரோடு இருக்கிறாள். நிலையத்தின் இரும்புச் சட்டத்தைத் தட்டுகிறாள். காதை வைத்தால் கேட்கிறது. ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த தந்தி அவ்வளவுதான்.

நாள் 211, மணி 10.15

பின் அறையின் காற்று 19.00 வரை தாங்கும். நான் உடை போட்டுக்கொண்டு ஓட்டையை அடைத்து, நடைவழியில் காற்று நிரப்ப நாளைக் காலை ஆகிவிடும்.

தரையிலிருந்து: "பின் அறையில் மூன்றாம் பலகைக்குப் பின்னால் அவசர ஆக்சிஜன் உருளை உள்ளது. இரண்டு நாள் வரும். வரைபடத்தில் விடுபட்டுவிட்டது, வருந்துகிறோம். இன்னொன்று: கம்பி அறுந்ததால் அவர் பக்கத்து மானியில் நடைவழி அழுத்தம் சரி என்றே காட்டும். நம்ப வேண்டாம் எனச் சொல்லவும்."

வருந்துகிறார்களாம். மூன்றாம் பலகை என்பதை எத்தனை தட்டில் சொல்வது? பேசித்தான் ஆக வேண்டும். ஸ்பீக்கர் காயிலைச் சட்டத்தோடு இறுக்கி, ஓங்கிப் பேசினால் இரும்பு வழியாகப் போகும். அதற்கு நூறு வாட் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இங்கே இல்லை. செய்ய வேண்டும்.

நாள் 211, மணி 11.40

சர்க்யூட் தயார். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒரே ஒரு ஜோடிதான் இருக்கிறது. அது போனால் எல்லாம் போயிற்று. இப்போது அதன் சூட்டை உறிஞ்சி வெளியேற்ற ஒரு ஹீட்சிங்க் பார்க்க வேண்டும்.

ஒன்று, பழைய சார்ஜரிலிருந்து கழற்றியது. கறுப்பு அலுமினியம், பதினெட்டு இதழ். பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. இன்னொன்று மொட்டைச் செம்புப் பலகை. அதைக் குளிர்ந்த வெளிச்சுவரின் சட்டத்தில் துளையிட்டு முடுக்க வேண்டும். மின்சாரம் சட்டத்துக்குத் தாண்டாமலிருக்க நடுவே மைக்கா ஷீட் வைக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை, பார்க்கவும் சகிக்காது.

தரையிலிருந்து: "செம்புப் பலகையைச் சுவரில் முடுக்கவும். எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழாது. இதழ்கள் பயன்படா."

தெரியும் சாமி. ஆனால் இந்த அறையில் ஃபேன் ஓயாமல் ஓடுகிறது, காற்று தானாக எழ வேண்டிய தேவையே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் மாட்டிய ஹீட்சிங்கில் ஒன்றுகூடப் புகைந்ததில்லை. வரைபடத்தில் உருளையைத் தொலைத்தவர்கள் எனக்குச் சூடு பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். இதழ் உள்ளதையே மாட்டுகிறேன்.

நாள் 211, மணி 13.30

மேசையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். கடை வழக்கப்படி ஹீட்சிங்கில் விரலை வைத்து எண்ணினேன்; ஐந்து எண்ணும் வரை விரல் தாங்கினால் சூடு அளவுதான் என்று கணக்கு. எட்டு வரை தாங்கியது. அருமையான உருப்படி. தரைக்கு அப்படியே எழுதி அனுப்பினேன், கொஞ்சம் திமிராகத்தான்.

நாள் 211, மணி 13.48

காயிலைச் சட்டத்தில் இறுக்கிவிட்டேன். அவள் பதில் தட்டுவது கேட்க வேண்டும், அதனால் ஃபேனை நிறுத்தினேன். தொடங்குகிறேன்.

நாள் 211, மணி 13.55

ஒரு தட்டு! கேட்டுவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டின் கடைசிச் சரணத்தில் கரகரப்பு. பிறகு தீய்ந்த வாடை, பிறகு சத்தமே இல்லை. விரலை வைத்தேன், ஒன்று எண்ணுவதற்குள் தோல் ஒட்டிக்கொண்டது. ஃபேன் நின்றதும் சூடு இதழ்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. உருளையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இன்னும் பேசவில்லை. டிரான்சிஸ்டரைக் கழற்றுகிறேன், ஒன்றாவது பிழைத்திருக்கும்.

நாள் 211, மணி 14.03

பின் அறை அழுத்தம்: பூஜ்யம்.

13.56இலிருந்தே பூஜ்யம். நான் கருகிய டிரான்சிஸ்டரைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

நாள் 211, மணி 14.20

இதைப் பின்னால் படிப்பவருக்குப் புரியும்படி எழுத வேண்டும்.

புது ஆம்ப்ளிஃபயரில் முதலில் பிள்ளையார் பாட்டு போடாமல் நான் யார் கையிலும் மைக் கொடுத்ததில்லை. முழுப் பாட்டும் ஓட வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது. மணமேடையில் தாலி காத்திருந்தாலும் பாட்டு முடிந்த பிறகுதான் மைக். கை தானாகப் போட்டது. மூளை ஹீட்சிங்கில் இருந்தது.

பாட்டு கேட்டால் நடைவழி சரி. கதவைத் திறக்கலாம். விதி வைத்தவன் நான். அவள் மானியைப் பார்த்திருப்பாள், அதுவும் சரி என்றது. ஒரு தட்டு தட்டிவிட்டுத் திறந்துவிட்டாள்.

தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. இரண்டு, இரண்டு, இரண்டு. வேண்டாம், வேண்டாம். யாருக்கு?

நாள் 212, மணி 09.10

ஓட்டையை அடைத்தேன். காற்று நிரப்பினேன். போய்ப் பார்த்தேன். அதை எழுதமாட்டேன்.

மூன்றாம் பலகையைக் கழற்றினேன். உருளை இருக்கிறது, முத்திரை உடையவில்லை.

அவள் பணிக்குறிப்புக்காகச் சட்டைப்பையில் வைத்திருக்கும் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் இருப்பது: "ஏசுவே, பாட்டு கேக்குது! அண்ணாச்சி, இந்தப் பாட்டு இவ்வளவு நல்லாருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது. இந்தா வாறேன்."

நாள் 212, மணி 11.00

தரையிலிருந்து: "அறிக்கை வரைவு. விபத்துக்குக் காரணம்: பரிந்துரைக்கு மாறான ஹீட்சிங்க் தேர்வு. ஒப்புக்கொள்கிறீர்களா?"

ஒப்புக்கொள்ளலாம், எனக்கு அது சலுகை. செம்புப் பலகையை மாட்டியிருந்தால் பாட்டு முடிந்ததும் உருளையைப் பற்றிப் பேசியிருப்பேன். காலி அறையிடம், தெளிவான குரலில், நூறு வாட்டில்.

அனுப்பிய பதில்: "இல்லை. காரணம் பாட்டு."

நாள் 213, மணி 06.30

எல்லா அறைகளிலும் காற்றழுத்தம் சரி.

தரையிலிருந்து: "மருதம், காலைப் பாட்டு வரவில்லை. அங்கே எல்லாம் சரியா?"

சட்டத்தில் ஒரு முறை தட்டினேன்.